திருப்பத்தில் கைவிட்ட பந்தயம்: ஒரு அமெச்சூர் சாலை சைக்கிள் போட்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வரும் வீரருக்கு 38 வயது. வேலைக்குப் போய்க்கொண்டே வாரத்தில் எட்டு, ஒன்பது மணி நேரம் பயிற்சி செய்பவர். எடை 71 கிலோ. எஃப்டிபி, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பவர், 262 வாட். நான்காவது வருடமாகப் பந்தயங்களில் ஓட்டுகிறார். அதே கிளப்பிலிருந்து அவரோடு இன்னும் இரண்டு பேர் கலந்துகொண்டார்கள். ஒருவர் நல்ல ஸ்பிரிண்டர், அதாவது கடைசி சில நூறு மீட்டரில் பாய்ந்து முந்தக்கூடியவர்; இன்னொருவர் இருபத்திரண்டு வயது இளைஞர். நான் அன்று ஓட்டவில்லை. ஸ்டாப்வாட்சும் தண்ணீர் பாட்டிலுமாக ஃபினிஷ் கோட்டருகே நின்றிருந்தேன். நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பந்தயம் 84 கிலோமீட்டர்: 14 கிலோமீட்டர் சுற்று, ஆறு முறை. ஒவ்வொரு சுற்றிலும் முதல் 7 கிலோமீட்டர் நேராகப் போய், ஒரு குறுகலான யூ டர்ன் எடுத்து, எதிர்ப்பக்கச் சாலையில் திரும்பி வர வேண்டும். திரும்பும் வழியில் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு சுமார் 5 சதவீத ஏற்றம். ஏற்றத்தின் உச்சியிலிருந்து ஃபினிஷ் கோட்டுக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவு. அன்று போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. 52 பேர் கிளம்பினார்கள்.

திட்டம் எளிமையானது. கடைசி வரை கூட்டமாக வந்தால் ஸ்பிரிண்டருக்காக வேலை செய்வது, பிரேக் போனால், அதாவது சிலர் கூட்டத்தை விட்டுப் பிரிந்து முன்னால் போனால், இவரோ இளைஞரோ அதில் இருப்பது. "பிரேக் போனால் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். யார் பார்த்துக்கொள்வது, எதைப் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் இரண்டு சுற்றுகள்

வீரர் வரிசையில் பின்னால் நின்று கிளம்பினார், பின்னாலேயே தங்கிவிட்டார். ஏறத்தாழ 35ஆவது இடம். கேட்டபோது, "பின்னாடி இருந்தா காத்து படாது, கால் ஃப்ரெஷ்ஷா இருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

நினைப்பில் பாதி சரி. சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பெரும்பகுதி உழைப்பு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றைத் தள்ளத் தேவைப்படும் பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். வேகம் 10 சதவீதம் கூடினால் அந்தப் பங்கு 33 சதவீதம் கூடிவிடும். ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போனாலே கால்பங்குக்கும் மேல் மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சம் பத்தாவது இடத்திலும் கிடைக்கும், முப்பத்தைந்தாவது இடத்துக்குப் போக வேண்டியதில்லை. முப்பத்தைந்தாவது இடத்துக்கென்று தனியாக ஒரு கட்டணம் உண்டு. அதை யூ டர்ன் வசூலித்தது.

குறுகலான திருப்பத்தில் முதல் ஆள் லேசாக பிரேக் பிடித்துத் திரும்பி, உடனே வேகமெடுப்பார். அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பார். இப்படியே பின்னால் போகப் போக, முப்பதாவது ஆள் கிட்டத்தட்ட நின்றே விடுவார். அவர் திரும்பி வெளியே வரும்போது முன்னால் இருப்பவர்கள் 45 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். எட்டிப் பிடிக்க எழுந்து நின்று மிதிக்க வேண்டும். முதல் இரண்டு யூ டர்ன்களிலும் வீரரின் பவர் 600 வாட்டைத் தாண்டி, எட்டுப் பத்து வினாடி அங்கேயே நின்றிருக்கிறது. பத்தாவது இடத்தில் இருந்த இளைஞருக்கு அதே திருப்பத்தில் உச்சம் 400 வாட்டைச் சுற்றித்தான்.

இதற்கு ஒரு பக்க விளைவும் இருந்தது. பின்னால் கூட்டம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருந்ததால் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. முதல் 25 நிமிடத்தில் சாப்பிட வேண்டிய ஜெல் (சிறு உறையில் வரும் சர்க்கரைக் கூழ்) முதுகுப் பாக்கெட்டிலேயே கிடந்தது.

மூன்றாவது சுற்று: யூ டர்ன்

பந்தயம் முடிவானது இங்கேதான், 35ஆவது கிலோமீட்டரில். வீரரின் சைக்கிளில் ஒரு சிறு கேமரா இருந்ததால் அந்த அரை நிமிடத்தை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது.

திருப்பத்துக்கு 300 மீட்டர் முன்னால் அவர் கடைசியில் ஜெல்லை எடுக்கிறார். உறையைப் பல்லால் கிழிக்கிறார். ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை வாயருகில். திருப்பம் வந்துவிடுகிறது. பாதி சாப்பிட்ட ஜெல்லைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் பிரேக் பிடிக்கிறார். எதிர்ப்பக்கச் சாலை காட்சியின் ஓரத்தில் தெரிகிறது. அங்கே ஐந்து பேர் ஏற்கெனவே எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் அடுத்து வருபவருக்கும் நடுவே வெறும் சாலை. வீரர் திரும்பி வெளியே வந்தபோது இடைவெளி 12 வினாடி.

அந்த ஐந்து பேரும் பெரிதாக ஒன்றும் பாய்ந்து போகவில்லை என்பதுதான் வேடிக்கை. முன்னால் இருந்ததால் திருப்பம் அவர்களுக்குச் சில வினாடியை இலவசமாகக் கொடுத்தது. பின்காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. காற்று முதுகில் அடிக்கும்போது மறைவில் இருப்பதன் லாபம் குறைவு என்பதால், பெருங்கூட்டத்துக்கு வழக்கமாக இருக்கும் அனுகூலமும் அந்தப் பக்கம் குறைந்திருந்தது.

வீரருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. உடனே தனியாகப் பாய்ந்து ஏற்றத்துக்கு முன் எட்டிப் பிடிப்பது. முன்னால் நகர்ந்து நிலைமையைத் தெரிந்துகொள்வது. மற்றவர்கள் பிடித்துவிடுவார்கள் என்று காத்திருப்பது. அவர் காத்திருந்தார்.

ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இந்த ஆய்வுக்கே மையம். ஆறு வாரத்துக்கு முந்தைய பந்தயத்திலும் இதேபோல் ஐந்து பேர் போனார்கள், இதே அளவு இடைவெளி, ஒரே சுற்றில் கூட்டம் பிடித்துவிட்டது. "ஐந்து பேர் போனால் நிற்காது" என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அந்தப் பந்தயத்தில் கூட்டம் பிடித்ததற்குக் காரணம் வேறு. அங்கே இருந்ததிலேயே பெரிய கிளப்புக்கு அந்த பிரேக்கில் ஆள் இல்லை. அவர்கள் ஆறு பேரை முன்னால் போட்டு, காற்றைத் தாங்கிக் கூட்டத்தை இழுத்தார்கள்.

இந்த முறை போன ஐந்து பேரில் மூவர், களத்தில் பெரிய எண்ணிக்கையில் இருந்த மூன்று கிளப்புகளைச் சேர்ந்தவர்கள். நான்காவது பெரிய கிளப் பஞ்சரில் இரண்டு பேரை ஏற்கெனவே இழந்திருந்தது. அதாவது துரத்தும் பலம் உள்ளவர்களுக்கு, தங்கள் ஆளே முன்னால் இருந்ததால், துரத்தக் காரணம் இல்லை. காரணம் இருந்தவர்களில் நம் மூவரும் சேர்த்தி. இது முன்னால் இருந்தவர்களுக்கு ஜெர்சி நிறத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். 35ஆவது இடத்திலிருந்து பார்த்தால் முதுகுகள்தான் தெரியும்.

மூன்றாவது சுற்று முடிவில் அவர்கள் என்னைக் கடந்தபோது, "நாற்பது! நாற்பது!" என்று கத்தினேன். வினாடிக் கணக்கு சரிதான். போனது யார் என்று நான் கத்தவில்லை. ஐந்து ஜெர்சியும் என் கண்ணெதிரே அதற்கு நாற்பது வினாடி முன்புதான் போயிருந்தன.

நான்காவது சுற்றும் துரத்தல் முடிவும்

நான்காவது சுற்றில் கூட்டம் உலாப் போவதுபோலப் போனது. முன்னால் ஆள் வைத்திருந்த கிளப்காரர்கள் முதல் வரிசையில் வந்து, தங்கள் முறைக்கு முன்னால் வந்ததும் வேகத்தை ஒரு படி குறைத்தார்கள். அது விதிமீறல் அல்ல. அவர்கள் இடத்தில் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம்.

சுற்று முடியும் முன் இளைஞர் பின்னால் வந்து வீரரைத் தேடிப் பிடித்தார்.

"அண்ணா, ஒன்றரை நிமிஷம் ஆயிடுச்சு."

"நாற்பதுன்னு சொன்னாங்களே?"

"அது போன சுற்று."

மோட்டார்சைக்கிளில் வரும் நேரப் பலகையைக் கூட்டத்தின் முன்பக்கம்தான் காட்டுவார்கள். அதை வீரர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பழைய எண்ணை வைத்துக்கொண்டே ஒரு முழுச் சுற்று ஓட்டியிருக்கிறார். பெரிய இடங்களிலும் இது நடக்கும். டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் சாலைப் பந்தயத்தில், 2021 ஜூலை 25 அன்று, காதில் ரேடியோ இல்லாததால் முன்னால் ஒருவர் தனியாகப் போய்விட்டது பலருக்குத் தெரியவில்லை. ஆன்னா கீஸன்ஹோஃபர் தங்கம் வாங்கிய பிறகு இரண்டாவதாக வந்த ஆன்னமீக் வான் ஃப்ளூட்டன் தான்தான் ஜெயித்ததாக நினைத்துக் கையைத் தூக்கினார். உலகத்தரத்திலேயே இப்படி என்றால் நம்மைப் போன்றவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுற்றுக் கோட்டைத் தாண்டும்போது இடைவெளி 1 நிமிடம் 35 வினாடி, பாக்கி 28 கிலோமீட்டர். வீரர் மனதில் கணக்குப் போட்டார். ஒரு நிமிட இடைவெளியைப் பிடிக்கக் கூட்டத்துக்குப் 10 கிலோமீட்டர் போதும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. பிரெஞ்சு வர்ணனையாளராக இருந்த முன்னாள் வீரர் ரொபேர் ஷாப்பாத்தின் பெயரால் வழங்குவது. அதன்படி 16 கிலோமீட்டர் போதும், 28 இருக்கிறதே என்று துணிந்தார். அந்தக் கணக்கு, முழு அணியை முன்னால் போட்டு மாறி மாறி இழுக்கும் தொழில்முறைக் கூட்டத்துக்கானது. இங்கே இழுக்க இருந்தது இரண்டு பேர். ஸ்பிரிண்டரைத் தொடக்கூடாது என்று முதலிலேயே பேசியாயிற்று.

இடமும் தவறு. சுற்றின் முதல் பாதி எதிர்காற்று. எதிர்காற்றில் இழுப்பவருக்குத்தான் சுமை அதிகம், பின்னால் ஒட்டி வருபவருக்கு மறைவின் லாபம் அதிகம். உதவி செய்ய விருப்பமில்லாத நாற்பது பேரை அவர் மிகச் சுகமான வேகத்தில் கூட்டிக்கொண்டு போனார். ஏழு நிமிடம், சராசரி 310 வாட்.

310 என்பது அவர் எஃப்டிபியைவிட 48 வாட் கூடுதல். ஏழு நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 20 கிலோஜூல் வருகிறது. வரம்புக்கு மேல் செலவழிக்க உடம்பில் இருக்கும் சேமிப்பு, பயிற்சி பெற்ற அமெச்சூர்களுக்குப் பொதுவாக 15இலிருந்து 25 கிலோஜூலுக்குள்தான். வரம்புக்குக் கீழே வந்தால் அது மெதுவாகத் திரும்ப நிரம்பும். அடுத்து வந்தது யூ டர்ன், அதற்கடுத்து ஏற்றம். நிரம்ப நேரமே கிடைக்கவில்லை.

ஐந்தாவது சுற்று முடிவில் இடைவெளி 1 நிமிடம் 5 வினாடி. இரண்டு பேர் சேர்ந்து 30 வினாடியைத் தின்றிருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் நல்ல வேலைதான். ஆனால் அந்த வேலையால் லாபம் மற்றவர்களுக்கு.

கடைசிச் சுற்று

ஏற்றத்தின் பாதியில் வீரர் கூட்டத்திலிருந்து கழன்றார். முந்தைய சுற்றுகளில் மூன்று நிமிடத்துக்கு 320 வாட் கொடுத்த இடத்தில் 270ஐத் தாண்ட முடியவில்லை. இடது தொடையில் தசைப்பிடிப்பு. மொத்தப் பந்தயத்திலும் அவர் உள்ளே தள்ளியது ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீரும், இரண்டு பாதி ஜெல்களும். ஏறத்தாழ 55 கிராம் கார்போஹைட்ரேட். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் பந்தயத்துக்கு மணிக்கு 60 கிராமாவது வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது பாதிக்கும் குறைவு.

பிரேக்கில் ஒருவர் பின்தங்கிக் கூட்டத்தோடு சேர்ந்தார், மீதி நான்கு பேர் 38 வினாடி முன்னால் முடித்தார்கள். ஐந்தாவது இடத்துக்கான ஸ்பிரிண்டில், முன்னால் இழுத்துக் கொடுக்க ஆளில்லாத நம் ஸ்பிரிண்டர் ஒன்பதாவது. பின்காற்றில் சற்று முன்கூட்டியே தொடங்கியிருக்கலாம். வழக்கம்போல 200 மீட்டர் வரை காத்திருந்து, இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். வீரர் 33ஆவது. முடித்தவர்கள் 44 பேர்.

உட்கார்ந்து பேசியது

அன்று மாலை வீரர் எனக்கு அனுப்பிய செய்தி இரண்டே சொல்: "கால் இல்ல." பேச்சை நான்கு நாள் தள்ளிப்போட்டோம். அது நான் எடுத்த முடிவு. தோற்ற அன்றைக்குச் செய்யும் ஆய்வு பெரும்பாலும் யாரையாவது குற்றவாளியாக்கத்தான் பயன்படும்.

தரவுகளைப் பார்த்தபோது முதலில் விழுந்தது அந்த "கால் இல்ல" தான். துரத்தலின்போது அவர் கொடுத்த ஐந்து நிமிட பவர், அந்தப் பருவத்தில் அவர் எட்டியதிலேயே அதிகம். கால் இருந்தது. முதல் மூன்று சுற்றுகளில், ஏறக்குறைய அதே எடை கொண்ட இளைஞரின் சராசரி 205 வாட். பின்னால் "ஓய்வெடுத்த" இவருக்கு 228. ஒதுங்கி இருந்ததாக அவர் நினைத்த ஒரு மணி நேரத்தில்தான் அதிகம் செலவழித்திருக்கிறார்.

இரண்டாவது, துரத்தலைப் பற்றிய வாக்குவாதம். இளைஞர் அதைத் தொடங்கியே இருக்கக்கூடாது என்றார். பெரிய கிளப்புகள் மூன்றும் திருப்தியாக இருக்கும்போது நாம் இழுத்தால் அவர்களுக்கு இலவச சவாரி, ஐந்தாவது இடத்துக்கு ஸ்பிரிண்டரை வைத்து விளையாடியிருக்கலாம் என்பது அவர் வாதம். வீரருக்கு அது ஒப்பவில்லை. ஐந்தாவது இடத்துக்காக யார் பந்தயத்துக்கு வருவார்கள் என்றார். என் எண்ணம் இரண்டுக்கும் நடுவில். மூன்றாவது சுற்றின் ஏற்றத்தில், இடைவெளி அரை நிமிடத்துக்குள் இருந்தபோது, ஒருவர் தனியாகத் தாவியிருக்க வேண்டும். ஏற்றத்தில் வேகம் குறைவு, ஒட்டிக்கொண்டு வருபவருக்கு லாபமும் குறைவு. இழுத்துக்கொண்டு போவதற்கும் தாவிப்போவதற்கும் வித்தியாசம் தெரிவது அங்கேதான். ஆனால் நான் கோட்டருகே நின்றவன், எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

மாற்றியவை

யூ டர்னுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே முதல் பதினைந்து பேருக்குள் இருப்பது என்று முடிவானது. கேட்கச் சுலபமாக இருக்கும். எல்லோருக்கும் அதே ஆசை என்பதால் செய்வது அப்படியில்லை. இதற்காகச் சில வாரம் கிளப் பயிற்சியில் பக்கவாட்டில் தோள் உரசும் தூரத்தில் ஓட்டிப் பழகினார்கள். வீரர் பின்னால் தங்கியதற்கு உண்மையான காரணம் கணக்கு அல்ல, நெருக்கத்தில் வரும் பயம் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கூட்டத்தில் ஒருமுறை விழுந்திருக்கிறார். நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியமான கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டை நேரத்தோடு கட்டாமல் இடத்தோடு கட்டினோம்: ஒவ்வொரு சுற்றிலும் ஏற்றம் இறங்கிய பிறகு வரும் நேர்ச்சாலையில் ஒரு ஜெல். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மில் ஒரு டேப் ஒட்டி, பெரிய கிளப்புகளின் ஜெர்சி நிறங்களை எழுதிக்கொண்டார். ரோட்டோரம் நிற்பவர், அதாவது நான், முதலில் நிறத்தைக் கத்த வேண்டும், பிறகு வினாடியை.

அடுத்த பந்தயம்

ஐந்து வாரம் கழித்து, ஏறத்தாழ இதே நீளத்தில் இன்னொரு பந்தயம். வீரர் இரண்டாவது சுற்றிலேயே ஏழு பேர் கொண்ட பிரேக்கில் இருந்தார். டேப்பைப் பார்த்திருக்கிறார்: அதில் எழுதியிருந்த ஒரு பெரிய கிளப்பின் நிறம் பிரேக்கில் இல்லை. இது நிற்காது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் தன் முறைக்கு முன்னால் வந்து, தேவையான அளவே இழுத்து, ஜெல்லை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு போனார். கடைசிக்கு 6 கிலோமீட்டர் இருக்கும்போது கூட்டம் பிடித்தது. அதற்குள் துரத்திய கிளப்பில் பாதிப்பேர் களைத்திருந்தார்கள். நம் ஸ்பிரிண்டர் நான்காவது, வீரர் பதினான்காவது.

பதினான்கு என்பது பெரிய இடமில்லை, அவர் முகத்திலும் அது தெரிந்தது. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஸ்டெம்மைக் காட்டினார். வியர்வை பட்டு டேப்பில் எழுதியதெல்லாம் நீலக் கறையாகக் கரைந்திருந்தது. "நாலாவது சுற்றுக்கு மேல ஒண்ணும் தெரியல, நீங்க கத்துனதை வெச்சுத்தான் ஓட்டினேன்" என்றார். அடுத்த முறைக்கு அழியாத மை பேனா வாங்கி வைத்திருக்கிறோம்.